போன் வழி சொல்லும், டிக்கெட்டைப் பார்க்காது

லீவில் கவுந்தப்பாடி வந்து பத்து நாள் ஆகிறது. அதற்குள் மூன்று வீட்டில் கேட்டாயிற்று: "நம்ம பையன் ஜெர்மனி போறானுங்க தம்பி, அங்க பஸ்ஸு ரயிலெல்லாம் எப்படிங்க?" மூன்று வீட்டிலும் காப்பியைக் குடித்துவிட்டு ஒரே கதையைச் சொன்னேன். நாலாவது வீட்டுக்காரர் கூப்பிடுவதற்குள் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் இருப்பது நியூரம்பெர்க்கில். முகவரிப் பதிவு, வங்கிக் கணக்கு, சிம் கார்டு பற்றியெல்லாம் உங்கள் கல்லூரியோ கம்பெனியோ பட்டியல் போட்டுத் தரும், அதன்படி செய்தால் போதும். முகவரிப் பதிவுக்கு நேரம் வாங்குவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அடுத்தது டாய்ச்லாண்ட் டிக்கெட். மாதாமாதம் பணம் கட்டினால் நாடு முழுக்க ஊர் பஸ், டிராம், யூ-பான் (நகர மெட்ரோ), எஸ்-பான் (புறநகர் ரயில்), வட்டார ரயில் எல்லாவற்றிலும் போகலாம். 2023 மே மாதம் தொடங்கியபோது 49 யூரோ, 2025 ஜனவரியில் 58, 2026 ஜனவரியிலிருந்து 63. படிக்க வருபவர்களுக்குப் பல பல்கலைக்கழகங்கள் இதையே குறைந்த விலையில் தருகின்றன, முதலில் அங்கே விசாரியுங்கள். ஒரு மாதத்துக்கு என்று நினைத்து வாங்கினாலும் அது சந்தா. நிறுத்த வேண்டுமானால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும். மறந்தால் அடுத்த மாதத்துப் பணமும் போகும்.

இனி போனில் எதை வைத்துக்கொள்வது என்று பார்ப்போம். எல்லாச் செயலியும் ஒன்றுதான், வரைபடம் வேறு நிறம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. 2005இல் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து, கால அட்டவணையை எந்தக் கம்ப்யூட்டரும் படிக்கிற மாதிரி ஒரு பொது வடிவத்தில் எழுத ஆரம்பித்தார்கள். ஜிடிஎஃப்எஸ் என்பார்கள். இன்று உலகத்தில் பல ஊர் பஸ் போனில் தெரிவது அதனால்தான். ஆனால் அட்டவணை வேறு, இந்த நிமிடம் வண்டி எங்கே நிற்கிறது என்பது வேறு. இரண்டாவது தகவல் எல்லாச் செயலிக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. நம் ஊரில் சுவரில் எழுதியிருக்கிற பஸ் நேரத்துக்கும், "அது பவானியே தாண்டலீங்க" என்று டைம்கீப்பர் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம்தான் அது.

கூகுள் மேப்ஸ் நடந்து போக அருமை. தெரியாத தெருவில் கதவு எண் தேட அதுதான். சிட்டிமேப்பர் 2011இல் லண்டனில் பிறந்தது. எந்தப் பெட்டியில் ஏறினால் இறங்கும்போது வெளிவாசல் பக்கம் என்பது வரை சொல்லும். பெரிய நகரத்தில் இருப்பவர்கள் வைத்துக்கொள்ளலாம், சின்ன ஊருக்கு நம்பிப் போகாதீர்கள். மூவிட்டும் பல ஊர்களில் ஓடுகிறது, எனக்கு என்னவோ கை பழகவில்லை. ஜெர்மனிக்குள் ரயில் என்றால் அந்த நாட்டு ரயில்வேயின் சொந்தச் செயலி, டிபி நேவிகேட்டர். பிளாட்பாரம் மாறினாலும், வண்டி ரத்தானாலும், எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்றாலும் அதில் பார்க்கலாம். உள்ளூர் பஸ்ஸுக்கு அந்தந்த வட்டாரப் போக்குவரத்துக் கூட்டமைப்பின் செயலி. நியூரம்பெர்க் பக்கம் விஜிஎன்.

இத்தனையும் போனில் இருந்தும் நான் மாட்டினேன்.

கோபிக்காரன் ஒருவன் முனிச் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறான். முதல் தடவை வெளிநாடு. அவன் அம்மா கையில் ரெண்டு கிலோ நாட்டுச்சர்க்கரை, பருப்புப் பொடி, கூடவே "அண்ணன் வந்து கூட்டிக்குவான்" என்ற தைரியம், எல்லாம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். நியூரம்பெர்க்கிலிருந்து முனிச்சுக்கு வட்டார ரயிலில் சுமார் 1¾ மணி நேரம். என் டிக்கெட்டில் தாராளமாகப் போகலாம். அன்றைக்குப் பார்த்து அந்த ரயில் ரத்து. போனிலிருந்த ஒரு மேப் செயலியைத் திறந்தேன். உடனே வேறு வழி காட்டியது: ஆறு நிமிடத்தில் வண்டி, பக்கத்துப் பிளாட்பாரம், ஒரு மணி நேரச் சொச்சத்தில் முனிச். எனக்குத் தெய்வமே வந்து சொன்ன மாதிரி இருந்தது. ஓடிப் போய் ஏறினேன். வெள்ளை வண்டி, பக்கவாட்டில் சிவப்புக் கோடு. ஐசிஇ.

டிக்கெட்டின் பெயரே டாய்ச்லாண்ட், அதாவது ஜெர்மனி. மொத்த நாட்டுக்கும் என்றுதான் விளம்பரம். நாட்டுக்குத்தான், ஆனால் எல்லா வண்டிக்கும் அல்ல. ஐசிஇ, ஐசி, ஈசி போன்ற தொலைதூர ரயில்களில் அது பொதுவாகச் செல்லாது. பிளிக்ஸ்டிரெயின் என்ற தனியார் ரயிலிலும் செல்லாது. எனக்கு இது அரைகுறையாகத் தெரியும். ஆனால் செயலி காட்டியதே, அதற்குத் தெரியாதா என்று ஒரு நினைப்பு. உங்கள் பாக்கெட்டில் என்ன டிக்கெட் இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? போகிற இடம் கேட்டது, சீக்கிரம் போகிற வண்டியைக் காட்டியது. அதன் வேலை அவ்வளவுதான்.

பரிசோதகர் வந்தார். நல்ல மனிதர், குரல்கூட உயரவில்லை. "காசு தருகிறேன், டிக்கெட் கொடுங்கள்" என்றேன். நம் கண்டக்டர் மாதிரி விசிலை வாயில் வைத்துக்கொண்டே கிழித்துக் கொடுத்து, மீதிச் சில்லறையை டிக்கெட் பின்னால் எழுதித் தருவார் என்று நினைத்தேனோ என்னவோ. அங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. டிக்கெட் இல்லாமல் போனால் வழக்கமான கட்டணத்தில் இரண்டு மடங்கு, அது எவ்வளவு குறைவாக வந்தாலும் 60 யூரோ. பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்து அபராதச் சீட்டு எழுதிவிட்டார். தொகையை இங்கே எழுத மாட்டேன், அம்மா படிப்பாள். அப்போதைய டாய்ச்லாண்ட் டிக்கெட் இரண்டு மாதத்துக்கு மேல் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

"உன் ரயில் தாமதமானால் ஐசிஇயில் ஏறலாமே, சட்டம் இருக்கிறதே" என்று அப்புறம் நாலு பேர் சொன்னார்கள். வட்டார ரயிலுக்குச் சாதாரண டிக்கெட் எடுத்தவர்களுக்கு அப்படி ஒரு வழி உண்டு, அதிலும் முதலில் கைக்காசு போட்டு டிக்கெட் வாங்கிவிட்டுப் பிறகுதான் திருப்பிக் கேட்க வேண்டும். மலிவு விலைக்குத் தரும் டாய்ச்லாண்ட் டிக்கெட்டுக்கு அது பொருந்தாது. இதை உங்களிடமும் யாராவது சொல்வார்கள், நம்பி ஏறாதீர்கள்.

போன வாரம் அம்மாவும் நானும் கோபி போக பஸ் ஸ்டாப்பில் நின்றோம். பாட்டுப் போட்டுக்கொண்டு ஒரு தனியார் பஸ் வந்தது, உட்கார இடமும் இருந்தது. நான் ஏறப் போனேன். அம்மா நகரவே இல்லை. "அது காசு பஸ்ஸு கண்ணு. பொறு, கெவருமெண்டு டவுன் பஸ்ஸு வரட்டும்." 2021லிருந்து பெண்களுக்கு இலவசம் என்பது அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மட்டும்தானே. அதே ரோடு, அதே ஸ்டாப், அதே கோபி. எது தன் பஸ், எது தன் பஸ் இல்லை என்று அவளுக்கு எந்தச் செயலியும் சொல்லித் தரவில்லை. இருபது நிமிடம் நின்றோம். எனக்குக் கால் வலித்ததைவிட வேறொன்று வலித்தது.

சரி, செய்ய வேண்டியது இதுதான். டிபி நேவிகேட்டரைப் போட்டவுடன் வாகன வகைக்குள் போய் ஐசிஇ, ஐசி, ஈசி எல்லாவற்றிலும் டிக்கை எடுத்துவிட்டு வட்டார வண்டிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வேறு எந்த மேப் வழி காட்டினாலும் வண்டி எண்ணுக்கு முன்னால் இருக்கிற எழுத்தைப் படியுங்கள். ஆர்ஈ, ஆர்பி, எஸ் என்று இருந்தால் ஏறலாம். ஐசிஇ, ஐசி, ஈசி என்று இருந்தால் காலைப் பின்னால் வையுங்கள். அவசரத்துக்கு ஐசிஇயில்தான் போயாக வேண்டும் என்றால் ஏறுவதற்கு முன்பே தனி டிக்கெட் வாங்கிவிடுங்கள். பாஸ்போர்ட்டோ அடையாள அட்டையோ கூடவே இருக்கட்டும், டாய்ச்லாண்ட் டிக்கெட் உங்கள் பெயரில் மட்டும்தான் செல்லும், தம்பிக்கு இரவல் கொடுக்க முடியாது. போனில் சார்ஜ் இல்லாமல் மாட்டினால் பயப்பட வேண்டாம். சீட்டு எழுதினாலும், பிறகு டிக்கெட்டைக் காட்டினால் பொதுவாக 7 யூரோவோடு முடிந்துவிடும்.

இன்னொன்று. முனிச் விமான நிலையத்துக்கு யாரையாவது கூப்பிடப் போகிறவர்கள் எஸ்1 வண்டியில் ஏறினால், அது நொய்ஃபாரன் ஸ்டேஷனில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி விமான நிலையம், மறு பாதி ஃபிரைசிங். பெட்டிமேல் எழுதியிருப்பதைப் பார்த்து ஏற வேண்டும். அன்றைக்குச் சீட்டு வாங்கிய கோபத்தில் அதையும் பார்க்காமல் ஏறி ஃபிரைசிங்கில் போய் இறங்கினேன். கோபிக்காரன் நாட்டுச்சர்க்கரைப் பையை மடியில் வைத்தபடி ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். "ஏனுங்ணா, ரயிலு லேட்டுங்களா?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.