முதல் வலைப்பூவுக்கு எந்தத் தளம்? கைபேசி மட்டும் வைத்திருப்போருக்கான செய்முறை

பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி எனக் கரையோர ஊர்களில் வாடை, சோழகக் காற்றுகளின் போக்கையும் பாசி எடுக்கும் பெண்களின் அனுபவத்தையும் அறிந்தவர்கள் பலர் எழுதத்தான் செய்கிறார்கள். ஆனால் எழுதியவை வாட்ஸ்அப் குழுவில் அடுத்த நாளே மேலே தள்ளப்பட்டு மறைந்துவிடுகின்றன. அவை நிலைத்திருக்க, சொந்தமாக ஒரு வலைப்பூ, அதாவது பிளாக், வேண்டும்.

முதலில் அதை அமைக்க ஒரு தளத்தைத் தேர்ந்தெடுங்கள். தோற்றத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். எழுதியதை நாளை வேறிடத்துக்கு எடுத்துச் செல்ல முடியுமா என்பதையே முதலில் பாருங்கள். வலைப்பூ நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளை நாமே நிறுவினால் முழு உரிமை உண்டு. ஆயினும் ஆண்டுதோறும் வழங்கிக்கு (தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் கணினிக்கு) வாடகை கட்ட வேண்டும். வேர்ட்பிரஸ்.காமின் இலவசக் கணக்கில் அந்த நிறுவனத்தின் விளம்பரங்கள் வரும், நாம் காசு கொடுத்து வாங்கிய சொந்த இணைய முகவரியையும் இணைக்க இயலாது. 1999-இல் தொடங்கப்பட்டு 2003-இல் கூகுளின் கைக்கு வந்த பிளாகரில் இவ்விரு தடைகளும் இல்லை. தோற்றம் சற்றுப் பழையதுதான். இருந்தாலும் புதிதாகத் தொடங்குபவருக்கு அதையே பரிந்துரைக்கிறேன்.

அடுத்து, ஜிமெயில் கணக்கால் பிளாகரில் நுழைந்து, தலைப்பையும் முகவரியையும் கொடுங்கள். முகவரியைப் பின்னர் மாற்றினால், முன்பு பகிர்ந்த இணைப்புகள் வேலை செய்யாமல் போகும் என்பதால், சுருக்கமானதாகவும் காதால் கேட்டவுடன் தட்டச்சு செய்யக்கூடியதாகவும் தேர்ந்தெடுப்பது நல்லது.

இனி எழுதலாம். இங்கே தமிழில் எழுதுவோர் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 'பாம்பனில் வாடைக்காற்றுக் காலம்' என்று தலைப்பிட்டால், பிளாகர் தமிழ் எழுத்துகளை முகவரியில் ஏற்காமல், 'பிளாக்-போஸ்ட்' என்ற பொதுப்பெயரையே இணைப்புக்குச் சூட்டிவிடும். பத்துப் பதிவுகள் சேர்ந்தபின் எந்த இணைப்பு எதற்குரியது என்று யாருக்கும் விளங்காது. ஆகவே வெளியிடுவதற்கு முன்பே, பக்கவாட்டிலுள்ள பெர்மாலிங்க் (பதிவின் நிலையான இணைப்பு) பகுதியைத் திறந்து, 'பாம்பன்-வாடைக்காற்று' என்பதை ஆங்கில எழுத்துகளில், சொற்களுக்கிடையே சிறுகோடிட்டு, நீங்களே எழுதுங்கள். வெளியிட்டபின் அதை மாற்ற வேண்டுமானால் பதிவை மீண்டும் வரைவுக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருக்கும்.

படங்களை ஏற்றும்முன் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் மெலிந்த இடத்தில் படிப்பவருக்கு, கைபேசியில் எடுத்த முழு அளவுப் படம் திறக்கவே நெடுநேரமாகும்.

கடைசியாக, அமைப்புகள் பகுதியில் உள்ளடக்கத்தைக் காப்புநகல் எடுக்கும் வசதியை மாதம் ஒருமுறையேனும் பயன்படுத்தி, கிடைக்கும் கோப்பையும் படங்களின் மூலப்பிரதிகளையும் ஒரு பென்டிரைவில் சேமித்து வையுங்கள்.