பென் டிரைவைக் கழற்றாமல் விட்ட கதை: ரேன்சம்வேர் விஷயத்தில் சிறு தொழில்கள் செய்யும் தவறுகள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறை. திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு முதலாளி போன் செய்தார். "தம்பி, டேலியில கம்பெனி பேரே காட்டல. கொஞ்சம் வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். கணக்கு சாஃப்ட்வேரான டேலி மட்டுமல்ல, டிராயிங், கொட்டேஷன், பி.எஃப். கணக்கு என்று எல்லா ஃபைல் பெயருக்குப் பின்னாலும் நாலெழுத்தில் ஒரு புது வால். ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'ரீட்மீ' என்று ஒரு நோட்பேட் ஃபைல். 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் 490 போதும் என்று எழுதியிருந்தது.

"பேக்கப் இருக்கே தம்பி" என்று சி.பி.யூ.வின் பின்பக்கம் கை காட்டினார். அங்கே ஒரு பென் டிரைவ் மினுக்கிக்கொண்டிருந்தது. கணக்கு எழுதும் அம்மா தினமும் சாயங்காலம் தவறாமல் பேக்கப் எடுத்திருக்கிறார். ஆனால் அந்த பென் டிரைவை ஒருநாளும் கழற்றியதில்லை. அதிலிருந்த ஃபைல்களுக்கும் அதே வால்.

நான் போய்வரும் பட்டறைகளிலும் கடைகளிலும் அடிக்கடி பார்க்கும் தவறு இதுதான். ரேன்சம்வேர் உள்ளே நுழைந்ததும் தனக்கு எட்டுகிற ஃபைல்களையெல்லாம் பூட்டிவிட்டு, சாவிக்குப் பணம் கேட்கும். டி டிரைவ், செருகியிருக்கும் பென் டிரைவ், நெட்வொர்க்கில் ஷேர் செய்த ஃபோல்டர் எல்லாமே அதற்கு எட்டும். கூகுள் டிரைவோடு தானாக சிங்க் ஆகும் ஃபோல்டர் இருந்தால், பூட்டிய ஃபைல்தான் மேலே ஏறும். பழைய வெர்ஷன் சில நாட்களுக்குக் கிடைக்கும் என்றாலும் அதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது.

இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். ஒன்றில் பேக்கப் எடுத்த உடனே கழற்றிவிட வேண்டும். இன்னொன்று முதலாளி வீட்டில் இருக்கட்டும், வாரம் ஒருமுறை இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே பீரோவில் வைப்பவர்களிடம் 2015 டிசம்பரைத்தான் நினைவுபடுத்துவேன். ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது அது கணினி என்றும் பேக்கப் என்றும் பிரித்துப் பார்க்கவில்லை.

சரி, அந்தப் பட்டறைக்குள் அது எப்படி வந்தது? லேபிள் அடிக்க ஒரு டிசைன் சாஃப்ட்வேர் தேவைப்பட்டிருக்கிறது. காசு கொடுக்காமல் கிராக், அதாவது லைசன்ஸ் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி, இறக்கியிருக்கிறார்கள். 'இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்' என்று அதிலேயே போட்டிருந்தது. இவர்களும் ஆஃப் செய்திருக்கிறார்கள். வீட்டுப் பூட்டைக் கழற்றி வை, நான் வருகிறேன் என்று சொல்லும் ஆளை யாராவது உள்ளே விடுவோமா? லேபிளுக்கு இலவச சாஃப்ட்வேரே போதும். தினசரி வேலைக்கு அட்மின் உரிமை இல்லாத யூசர் அக்கவுன்ட் ஒன்றைக் கொடுத்துவிட்டால், கண்டதை இன்ஸ்டால் செய்வதும் குறையும்.

வீட்டிலிருந்து டேலி பார்க்க வேண்டும் என்று ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப் போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து கணினியை இயக்க உதவும் வாசலை, இணையத்துக்கு அப்படியே திறந்துவிடுவது அடுத்த தவறு. 3389 என்ற அந்த எண்ணை நாள் முழுக்கத் தேடித் தட்டிப்பார்க்கும் புரோகிராம்கள் இருக்கின்றன. கடை பெயரோடு 123 சேர்த்த பாஸ்வேர்ட் அதற்கெல்லாம் தாங்காது. போர்ட்டை மூடிவிட்டு, வி.பி.என். என்ற பூட்டிய தனிப்பாதை வழியாக வாருங்கள், ஓ.டி.பி.யும் வையுங்கள்.

அப்டேட்டைத் தள்ளிப்போடுவதும் அப்படித்தான். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் உலகையே ஆட்டியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பில் போடும் கணினி இன்னும் அதில் ஓடினால் அதற்கு ஒரு வழி பாருங்கள்.

அடி விழுந்த பிறகு பதற்றத்தில் செய்யும் தவறுகள் தனி. முதலில் லேன் ஒயரைப் பிடுங்கி, வைஃபையை அணையுங்கள், பக்கத்துக் கணினியாவது பிழைக்கும். உடனே ஃபார்மேட் போடாதீர்கள். பூட்டிய ஃபைல்களையும் மிரட்டல் நோட்டையும் ஒரு டிஸ்க்கில் காப்பி எடுத்து வையுங்கள். ஐரோப்பிய போலீஸும் பாதுகாப்பு நிறுவனங்களும் 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரேன்சம்' தளத்தில் சில வகைகளுக்கான சாவி இலவசமாகவே கிடைக்கிறது; இன்று இல்லாத சாவி பின்னால் வருவதும் உண்டு. பணம் கட்டாதீர்கள், கட்டினாலும் சாவி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்து புகார் கொடுங்கள். கம்பெனியாக நடத்துபவர்கள், தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது 2022-இல் வந்த உத்தரவு.

அந்தப் பட்டறையில் ஆடிட்டரிடம் இருந்த மார்ச் மாத டேலி டேட்டா கைகொடுத்தது. மிச்ச மாதங்களின் பில்களை அந்த அம்மா ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றினார். இப்போது மாதம் ஒருமுறை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பேக்கப்பை வேறொரு லேப்டாப்பில் ரீஸ்டோர் செய்து, கடைசி பில் எண் சரியாக இருக்கிறதா என்று டைரியில் குறித்துவைக்கிறார்.