ரெயூனியனில் கியர் கார்: மேட்டையும் வளைவையும் பார்த்து மாற்றுங்கள்

புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனுக்கு வருகிறவர்கள் வீடு பிடித்த கையோடு தேடுவது ஒரு பழைய சின்னக் காரைத்தான். கிளியோ, பேஜோ 208, சான்டேரோ, இப்படி ஏதாவது ஒன்று. பெரும்பாலும் 5 கியர். நம் ஊர் லைசன்ஸ் இங்கே எவ்வளவு காலம் செல்லும், அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சாவி வாங்கும் முன்பே அரசு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அது தனிக் கதை. இங்கே கியரை மட்டும் பார்ப்போம்.

சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். அதனால் கியர் வலது கைக்கு வந்துவிடும். பழக்கத்தில் இடது கை கியரைத் தேடிப் போய்க் கதவில் இடிக்கும். சிரித்துவிட்டுப் போகலாம், நாலு நாளில் சரியாகிவிடும். கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர் வரிசை மாறவில்லை. கியர் வரிசையும் மாறவில்லை, ஆனால் கைக்கு அது திரும்பிவிட்டது. ஊரில் முதல் கியருக்கு உங்களை விட்டுத் தள்ளிப் போடுவீர்கள், இங்கே உங்கள் பக்கம் இழுத்துப் போட வேண்டும். இதில் கவனிக்க வேண்டிய இடம் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போவது. குச்சியை இறுக்கிப் பிடித்து உங்கள் பக்கமே வைத்திருந்தால், மூன்றுக்குப் பதில் ஒன்றில் விழப் பார்க்கும். உள்ளங்கையைத் தளர்த்தி நேராக முன்னால் தள்ளுங்கள், உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கே குச்சியை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். ஐந்திலிருந்து நான்குக்கு வரும்போதும் அப்படித்தான், தளர்த்திப் பின்னால் இழுத்தால் போதும். ரிவர்ஸுக்குப் பல பிரெஞ்சுக் கார்களில் கியர் தலைக்குக் கீழே இருக்கும் வளையத்தைத் தூக்க வேண்டும். எந்தப் பக்கம் என்று தலையில் வரைந்திருக்கும். வண்டியைத் தெருவில் இறக்கும் முன் என்ஜினை அணைத்துவிட்டு இதையெல்லாம் பத்து முறை போட்டுப் பாருங்கள்.

இனி வேகம். நம் ஊர் சமவெளி, மைலேஜ் ஆசை வேறு. 35ல் போகும்போதே டாப் கியரைப் போட்டுவிட்டு நிம்மதியாக உட்காருவோம். இந்தத் தீவில் அந்தப் பழக்கம் ஆகாது. ஊருக்குள் 50 என்றால் மூன்று அல்லது நான்கு. ஐந்தை 75க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். ரவுண்டானாவுக்குள் நுழைய இரண்டு. சமதரையில் பெட்ரோல் வண்டியை, என்ஜின் நிமிடத்துக்கு 2000, 2500 சுற்றில் ஓடும்போது மாற்றினால் நன்றாகப் போகும். 1500க்குக் கீழே ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் வண்டி உதறும், திணறும், பெட்ரோலும் மிச்சமாகாது.

ஏற்றத்தில்தான் உண்மையான வேலை. சேன்-லூயியிலிருந்து சிலாவோஸ் போகும் மலைச்சாலை சுமார் 37 கிலோமீட்டர், 400க்கு மேல் வளைவு, கடலோரத்திலிருந்து கிட்டத்தட்ட 1,200 மீட்டர் உயரம். நாலு பேரும் பெட்டியுமாக ஒரு லிட்டர் என்ஜின் ஏறும்போது மூன்றாவது கியரே பல இடங்களில் அதிகம். வளைவுக்குள் போனபின் மாற்றாதீர்கள். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை கியரில், எதிரே பஸ், கிளட்ச் அழுந்தியிருப்பதால் இழுவையே இல்லை என்ற நிலை வரும். வளைவுக்கு முன்பே நேர்ப்பகுதியில் வேகத்தைக் குறைத்து, இரண்டைப் போட்டு, இழுவையோடு திரும்புங்கள். கொண்டை ஊசி வளைவில் வண்டி நிற்கிற மாதிரி ஆனால் கூச்சப்படாமல் ஒன்றுக்குப் போங்கள். ஏற்றத்தில் என்ஜின் சுற்றைக் காட்டும் முள் 3500, 4000ஐத் தொட்டால் பயப்பட வேண்டாம்; டர்போ இல்லாத சின்னப் பெட்ரோல் என்ஜினின் பலமே அந்தப் பக்கம்தான் இருக்கிறது. டீசலும் டர்போவும் இன்னும் குறைந்த சுற்றிலேயே இழுக்கும். எதிரே வரும் வண்டிக்காக மேட்டில் நிற்க நேர்ந்தால் ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். ஹாஃப் கிளட்சிலேயே வண்டியைத் தாங்கிப் பிடித்தால் கிளட்ச் கருகிய வாடை காருக்குள்ளேயே வரும்.

இறக்கம் இதைவிட முக்கியம். மாய்தோ மலைமுனை சுமார் 2,200 மீட்டர் உயரம், அங்கிருந்து சேன்-போல் கடற்கரைக்கு ஒரே இறக்கம். நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்று நம் ஊரில் சொல்வது இன்றைய வண்டிகளுக்குப் பொருந்தாது. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் என்ஜினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடும், சக்கரமே என்ஜினைச் சுற்றும். நியூட்ரலில்தான் என்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடிக்கும். அதைவிட மோசம், முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். சூடேறிய பிரேக் கடைசியில் பிடிக்காது. ஏற எந்தக் கியர் தேவைப்படுமோ அதே கியரில் இறங்குங்கள், வண்டி அப்போதும் ஓடப் பார்த்தால் இன்னும் ஒன்று குறையுங்கள். பிரேக்கைத் தொடர்ந்து தேய்க்காமல், அழுத்திக் குறைத்துவிட்டு விடுங்கள். பின்னால் உள்ளூர்க்காரர் முட்டுகிற மாதிரி வருவார். இடம் கிடைத்ததும் ஒதுங்கி அவரை விட்டுவிடுங்கள்.

புதிய வண்டிகளில் கியரை மாற்றச் சொல்லி டாஷ்போர்டில் ஒரு அம்புக்குறி வரும். 2014 முதல் ஐரோப்பாவில் விற்கும் புதுக் கியர் கார்களில் அது கட்டாயம். எரிபொருள் சிக்கனத்துக்காக வைத்த அந்த அம்பைச் சமதரையில் கேளுங்கள், மலையில் கேட்காதீர்கள். 2009ல் திறந்த தமரேன் நெடுஞ்சாலையிலும் இதே கதைதான்: 110 வரை போகலாம், ஆனால் நீளமான ஏற்றத்தில் வேகம் 85க்கு இறங்கினால் ஐந்தில் அழுத்திக்கொண்டே இருக்காமல் நான்குக்கு வாருங்கள்.

நிறுத்தும்போதும் கியர் உண்டு. மேடு நோக்கி நிறுத்தினால் ஒன்று, பள்ளம் நோக்கி என்றால் ரிவர்ஸ், கூடவே ஹேண்ட் பிரேக். மறுநாள் காலையில் கிளட்சை மிதிக்காமல் சாவியைத் திருப்பாதீர்கள், வண்டி குதிக்கும்.