மானியம் கைக்கு வந்தும் கோட்டை விடுகிறவர்களுக்கு

கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் புதிதாகத் திட்ட நிதி கேட்க வருகிறவர்கள் பம்ப், சாயக்கழிவு, மஞ்சள் வேகவைக்கும் கொப்பரை என்று எதைப் பற்றியும் மணிக்கணக்கில் விளக்குவார்கள். சறுக்குவதெல்லாம் காகிதத்தில்தான். விடுபட்ட கையெழுத்து, எழுத்துப்பிழை போன்றவற்றை இங்கே விட்டுவிடுவோம்.

கம்பெனியை அவசரப்பட்டுப் பதிவது

புதுக் கம்பெனிகளுக்கான மத்திய அரசுத் திட்டமான ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதியில், பொருளின் முதல் மாதிரியைச் செய்து சோதிக்க 20 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. ஆனால் விண்ணப்பிக்கும் அன்று கம்பெனிக்கு இரண்டு வயது தாண்டியிருக்கக் கூடாது. வேறு அரசுத் திட்டங்களில் 10 லட்சத்துக்கு மேல் வாங்கியிருக்கவும் கூடாது. போட்டிப் பரிசுப் பணம் அதில் சேராது. கையில் வெறும் வரைபடம் மட்டும் இருந்தால் பதிவைத் தள்ளிப்போடுங்கள். மாதிரி செய்யப் பணம் தரும் இன்னொரு மத்திய அரசுத் திட்டமான ‘நிதி பிரயாஸ்’ (NIDHI-PRAYAS) திட்டத்தில் தனிநபராகவே கேட்கலாம், 10 லட்சம் வரை.

ஓடி (ஓவர்டிராஃப்ட்) கணக்கில் மானியத்தை வாங்குவது

எத்தனை முறை சொன்னாலும் திருந்தாத தவறு இது. இங்கே பட்டறைகள் நடப்பதே ஓடி, சிசி (கேஷ் கிரெடிட்) கணக்கில், அதாவது வங்கி வைத்த வரம்புவரை கடனாக எடுத்துக்கொள்ளும் கணக்கில். முதல் தவணை நாலு லட்சம் அதில் விழுந்தால், அந்த நிமிஷமே பழைய பாக்கியில் கழிந்துவிடும். அப்புறம் அதிலிருந்தே வாரக்கூலி, காஸ்டிங் (வார்ப்படம்) பாக்கி, கரண்ட் பில். கேட்டால், "எல்லாம் என்ற பணந்தானுங்க, எதுல எடுத்தா என்னங்க?" என்பார்கள்.

கணக்குக் காட்டி முடிக்கும்வரை அது உங்கள் பணம் இல்லை. மத்திய அரசு மானியத்தை எப்படிச் செலவழித்தோம் என்று காட்டும் ஜிஎஃப்ஆர் (பொது நிதி விதிகள்) 12-ஏ படிவப் பயன்பாட்டுச் சான்றிதழில் முன்இருப்பு, வரவு, சேர்ந்த வட்டி, திருப்பிக் கட்டிய வட்டி, செலவு, மீதி எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம். ஓடி ஸ்டேட்மென்டிலிருந்து இதைப் பிரித்தெடுக்க முடியாது. ஆடிட்டர் கையெழுத்துப் போடத் தயங்குவார். சான்றிதழ் போகாவிட்டால் அடுத்த தவணை வராது. மாதிரிக்கான அச்சு வேலை பாதியில் நிற்கும், வேலையை முடிக்க வெளியே வட்டிக்கு வாங்குவார்கள். மானியம் வாங்கிக் கடனாளி ஆவது இப்படித்தான்.

கடன் இல்லாத வேறொரு வங்கியில் இந்தத் திட்டத்துக்கென்றே ஒரு கணக்குத் தொடங்குங்கள். உங்களுக்குக் கடன் கொடுத்த வங்கி வேண்டாம். பாக்கிக்கு ஈடுகட்டிக்கொள்ள அவர்களுக்கு வழி இருக்கிறது. ரொக்கமாக எடுக்காமல் நேரே சப்ளையருக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு பில்லின் மேலும் திட்டத்தின் பெயரையும் செலவுத் தலைப்பையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள். மார்ச்சில் உட்கார்ந்தால் நினைவு வராது. பில், பாஸ்புக், ஸ்டாக் பதிவேடு மூன்றிலும் தொகை ஒன்றாக இருக்க வேண்டும். சேரும் வட்டி அரசுக்குப் போக வேண்டியது, அதைத் தொடாதீர்கள்.

அனுமதிக் கடிதத்துக்கு முந்தைய பில்

செல்லாது.

விதை நிதியில் ஷெட் போடுவது

கூடவே கூடாது.

ஸ்டால் போட்ட பிறகு பேட்டன்ட்

கோவை கொடிசியா தொழிற்கண்காட்சியில் இயந்திரத்தைத் திறந்து காட்டிவிட்டால் அதன் புதுமை போய்விடும் அபாயம் உண்டு. முதலில் தற்காலிக பேட்டன்ட் (காப்புரிமை) விண்ணப்பம் போட்டுவிடுங்கள்; தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் ஆன்லைனில் 1,600 ரூபாய்தான். அதற்குப் பின் 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்காவிட்டால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள்.