'லோக்கல்தானே' என்று விட்டுவிடும் கர்னல் ஓட்டைகள்

லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் நண்பர்களிடம் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஓட்டை பற்றிப் பேசினால், "அது லோக்கல்தானே, லாகின் இருக்கிறவனுக்குத்தானே பயன்படும்" என்பார்கள். தவறு இங்கேதான் தொடங்குகிறது. உள்ளே வர லாகின் எதற்கு? பழைய வேர்ட்பிரஸ் பிளக்கின் ஒன்றில் ஓட்டை இருந்தால் போதும், வெப் சர்வரின் கணக்கு கைக்கு வந்துவிடும். அந்தக் கணக்கால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. கர்னலிலும் ஓட்டை இருந்தால், அடுத்த சில நொடிகளில் வந்தவன் ரூட், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனர்.

டர்ட்டி பைப் என்ற கர்னல் ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மேக்ஸ் கெல்லர்மன் 2022 மார்ச்சில் வெளியிட்டது. லாக் கோப்புகள் கெட்டுப்போகின்றன என்ற புகாரைத் துருவிக்கொண்டே போனவர், கடைசியில் கர்னலில் வந்து நின்றார். பைப் பஃபரில் (நிரல்களுக்கிடையே தரவைக் கடத்தும் மெமரிப் பகுதி) ஒரு ஃப்ளாகைத் துடைக்காமல் விட்டதுதான் காரணம். படிக்க மட்டுமே அனுமதி உள்ள கோப்பின் மெமரி நகலில், சாதாரணப் பயனரும் எழுத முடிந்தது. பாஸ்வேர்டு கோப்பிலும்தான்!

பேட்ச் (திருத்தம்) போட்டதும் வேலை முடிந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. நான் அதிகம் பார்ப்பதும் இதைத்தான். புதிய கர்னல் டிஸ்க்கில் இறங்கியிருக்கும், ஓடிக்கொண்டிருப்பது பழையதாகவே இருக்கும். ரீபூட் செய்யும்வரை எதுவும் மாறாது. ரீபூட் இல்லாமலே ஓடும் கர்னலைத் திருத்தும் லைவ் பேட்ச் இருந்தால், இந்த ஓட்டைக்கு அது வந்துவிட்டதா என்று தனியே பாருங்கள். ரீபூட்டுக்குப் பிறகும், ஓடும் கர்னலின் பதிப்பைக் காட்டும் 'யூநேம்' கட்டளையை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். எந்தக் கர்னல் எழ வேண்டும் என்று முடிவு செய்யும் கிரப் அமைப்பில் பழைய கர்னலே முதலில் நின்றால், மறுபடி அதுதான் எழும். முந்நூறு நாள் அப்டைம் (ரீபூட் இல்லாமல் ஓடிய காலம்) என்று பெருமைப்படுவதை விட்டுவிடுங்கள். அத்தனை நாளாக அந்த மெஷின் புதிய கர்னலுக்கு மாறவே இல்லை.

பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யவும் கூடாது. டர்ட்டி பைப்புக்கான திருத்தம் 5.16.11, 5.15.25, 5.10.102 ஆகியவற்றில் வந்தது. ஆனால் டெபியன், உபுண்டு, ரெட் ஹேட் போன்ற லினக்ஸ் வெளியீட்டாளர்கள் எல்லாம் திருத்தத்தை மட்டும் எடுத்துத் தங்கள் பழைய கர்னலில் சேர்ப்பார்கள். அவரவர் பாதுகாப்பு அறிவிப்பில் சிவிஇ எண்ணை (ஓட்டைக்குத் தரப்படும் அடையாள எண்) தேடிப் பார்ப்பதுதான் சரி.

கன்டெய்னர்களை (ஒரே மெஷினில் தனித்தனியாக அடைத்து ஓட்டப்படும் நிரல்கள்) உருவாக்க உதவும் டாக்கர் இமேஜைப் புதுப்பித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. கன்டெய்னருக்கெனத் தனிக் கர்னல் கிடையாது, ஹோஸ்ட்டில் இருப்பதைத்தான் எல்லாமே பகிர்ந்துகொள்கின்றன.

உடனே ரீபூட் செய்ய முடியாதபோது தற்காலிகத் தடுப்பு உதவும். 2024இல் கர்னலின் ஃபயர்வால் பகுதியான என்எஃப் டேபிள்ஸ் ஓட்டைக்கு, சாதாரணப் பயனர்கள் யூசர் நேம்ஸ்பேஸ் (உள்ளே மட்டும் ரூட் போன்ற அதிகாரம் தரும் தனிச்சூழல்) உருவாக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். இதை, கர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்கன்ட்ரோலில் கையால் மாற்றினால் அடுத்த ரீபூட்டில் போய்விடும். அமைப்புக் கோப்பில் எழுதுங்கள். ரூட் இல்லாமல் ஓடும் கன்டெய்னர்கள் இதனால் நின்றுபோகலாம், முன்பே சோதித்துவிடுங்கள்.

சோதிப்பதற்காக இணையத்தில் கிடைத்த தாக்குதல் நிரலை உண்மையான சர்வரில் ஓட்டாதீர்கள். 2016இல் டர்ட்டி கவ் என்ற கர்னல் ஓட்டை வந்தபோது அப்படிச் சுற்றிய சில நிரல்கள் மெஷினையே முடக்கின.

அப்புறம், பேட்ச் போட்டால் ஏற்கெனவே உள்ளே வந்தவன் வெளியே போய்விட மாட்டான். டர்ட்டி பைப்பில் மாற்றம் பெரும்பாலும் மெமரியோடு நின்றுவிடும், டிஸ்க்குக்குப் போகாது. ரீபூட் செய்தால் தடயமும் அழிந்துவிடும். யாராவது புகுந்திருப்பார்கள் என்ற சந்தேகம் இருந்தால், முதலில் மெஷினை நெட்வொர்க்கிலிருந்து பிரித்து, மெமரியை நகலெடுத்து வைத்துவிட்டு, அதற்குப் பிறகு ரீபூட் செய்யுங்கள்.