சேற்றுக் காலத்து ஹார்ட்டெயில்: எங்கே தவறுகிறோம்?

தெற்கு இங்கிலாந்தின் சவுத் டவுன்ஸ் குன்றுகளில் நவம்பர் பிறந்துவிட்டால் பல பாதைகள் மார்ச் வரை சரியாகக் காய்வதில்லை. மேலே சுண்ணாம்புப் பாறை, நனைந்தால் சோப்பு மாதிரி வழுக்கும். கீழே வடக்குப் பக்கம் இறங்கினால் பிசுபிசுவென்று களிமண். பின்பக்கம் சஸ்பென்ஷன் (அதிர்வு தாங்கி) இல்லாத மலைச் சைக்கிளான ஹார்ட்டெயில் இந்த மாதங்களுக்கு ஏற்ற வண்டி. சேறு புகுந்து கெடுக்கிற பேரிங்குகள் அதில் குறைவு. ஆனால் அதில் என்ன மாட்டுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

முக்கியமாக டயரில். பிடிப்பு வேண்டுமென்று ஃபிரேமுக்குள் நுழைகிற மட்டும் அகலமாகப் போட்டுவிடுகிறார்கள். நானும் ஒரு ஜனவரியில் 2.6 அங்குல டயரோடு போனேன். புல்லும் இலையும் கலந்த களிமண் டயரில் அப்பி, ஃபிரேமின் இடுக்கில் அடைத்து, பின்சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. குச்சியால் நோண்டி எடுப்பேன், இருபது அடி போவேன், மறுபடி அடைக்கும். சேற்றுக்கு 2.2 அல்லது 2.3 அங்குலம் போதும். டயரின் மேல் துருத்தி நிற்கும் கட்டைகள் உயரமாகவும் தள்ளித் தள்ளியும் இருந்தால், மண்ணை உதறிவிட்டு அடியிலுள்ள கெட்டித் தரையைப் பிடிக்கும். டயருக்கு இருபுறமும் சுண்டுவிரல் தாராளமாக நுழைகிறதா என்று பாருங்கள்.

காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும், உண்மைதான். அதற்காக ரொம்ப இறக்கிவிடக் கூடாது. ஹார்ட்டெயிலின் பின்சக்கரம் அடியை நேராக வாங்கும். இந்தக் குன்றுகளின் சிக்கிமுக்கிக் கற்களோ கத்திபோல டயரின் பக்கவாட்டைக் கிழிக்கும். பின்னால் பக்கவாட்டுச் சுவர் தடித்த டயரே நல்லது.

அடுத்தது பிரேக் பேட். மண் கலந்த தண்ணீரில், பிசினால் பிணைத்துச் செய்த ரெசின் பேடுகள் மளமளவென்று தேய்ந்துவிடும். மழை நாளில் ஒரே சவாரியில் தீர்ந்துபோவதும் உண்டு. உலோகத்தூளை அழுத்திச் செய்த சின்டர்டு பேடுகள் கூடுதல் நாள் தாங்கும். வாங்குமுன், பேடுகள் கவ்விப் பிடிக்கிற பிரேக் தட்டில் பொறித்திருப்பதைப் படியுங்கள். சில தட்டுகள் ரெசின் பேடுக்கு மட்டுமே ஆனவை.

மட்கார்டு, முன்ஃபோர்க்கில் கட்டுகிற சின்னது போதும். கண்ணில் சேறு தெறிக்காது. சாலை சைக்கிளின் நீளமான மட்கார்டு இங்கே சேற்றைச் சேர்த்துவைக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் கழுவுவது. ஹை பிரஷர் குழாயைச் சக்கர அச்சிலும் பெடல் அச்சிலும் காட்டினால் தண்ணீர் கிரீஸைத் தாண்டி பேரிங்குக்குள் போய்விடும். சாதாரணக் குழாயும் பிரஷும் போதும். கழுவியதும் செயினைத் துணியால் துடைத்து, மழைக்கால எண்ணெயை ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, வெளியே வழிவதை மறுபடி துடைத்துவிடுங்கள். வழியும் எண்ணெயில்தான் அடுத்த சவாரியின் மணல் ஒட்டும்.