"காலநிலை மாற்றமெல்லாம் சும்மா" என்பவரிடம் எப்படிப் பேசுவது?

எடுத்த எடுப்பில் வாதத்துக்குப் போகாதீர்கள், ஏன் நம்பவில்லை என்று கேளுங்கள். சிலருக்கு அரசு என்றாலே சந்தேகம். சிலருக்குப் பிழைப்பு போய்விடுமோ என்ற பயம்; நிலக்கரிச் சுரங்கத்தில் சம்பளம் வாங்குகிறவரிடம் பனிக்கரடி படம் காட்டி என்ன பயன், அவரிடம் வேலையைப் பற்றித்தான் பேச வேண்டும்.

"பூமி எப்பவும் மாறிக்கிட்டுதானே இருக்கு, எல்லாம் சூரியனால" என்பார்கள். முன்பும் மாறியது உண்மைதான், அதை ஒப்புக்கொள்ளுங்கள். அப்புறம் இதைச் சொல்லுங்கள்: சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடாக வேண்டும், ஆனால் கீழடுக்கு சூடாகிறது, அதற்கு மேலே உள்ள ஸ்ட்ராட்டோஸ்பியர் என்ற அடுக்கு குளிர்கிறது. கார்பன் டை ஆக்சைடு கூடினால் இப்படித்தான் நடக்கும். தொழிற்புரட்சிக்கு முன் அது காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்கு, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. ஹவாயின் மவுனா லோவா ஆய்வகத்தில் 1958-லிருந்து இதை அளந்து வருகிறார்கள்.

"விஞ்ஞானிகளுக்குள்ளேயே சண்டை" என்றால் எக்ஸான் கதையைச் சொல்லுங்கள். பூமி சூடாகும் என்று அந்த எண்ணெய் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானிகளே 1970-களின் கடைசியில் நிர்வாகத்தை எச்சரித்தார்கள். பிறகு அதே நிறுவனம் சந்தேகத்தைப் பரப்பிய அமைப்புகளுக்குப் பணம் கொடுத்தது. எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இங்கேதான், ஏமாந்தவர் மேல் அல்ல, ஏமாற்றியவர்கள் மேல்.

முக்கியமாக, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வேண்டாம். நாலு பேர் முன்னால் யாரும் இறங்கி வரமாட்டார்கள். தனியாகப் பேசுங்கள், ஒரு தடவைக்கு ஒரு விஷயம் போதும்.